கரை திரும்பியது

ஜன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்க. எனக்கு எதுத்த காத்து ஆகாது. இந்தப் பை என் மடியிலயே இருக்கட்டும், மேல வெச்சா பாத்துக்கிட்டே வரோணும். உள்ள விசாரணைக்கு வேண்டிய பேப்பர் இருக்குதுங்க.

விசாரணைன்னதும் ஒரு மாதிரி பாக்கறீங்க. லஞ்சம் கிஞ்சம் இல்லீங்க. ஒருத்தர்கிட்டயும் கை நீட்டினதில்ல. செத்துப்போன கம்ப்யூட்டர் ஒண்ணை ஒரே பகல்ல உயிரோட எழுப்பிக் கொடுத்தேன். அதுக்குத்தான் விசாரணை. எங்காவது கேள்விப்பட்டிருக்கீங்களா?

என் பேரு சிவப்பிரகாசமுங்க. ராசிபுரம் பக்கம். கடலுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது, மீன்கூட அவ்வளவா சாப்பிட மாட்டேன். எங்க கம்பெனி ஒரு மீன்பிடித் துறைமுகத்துக்கு சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்துச்சு. எந்தத் துறைமுகம்னு கேக்காதீங்க, விசாரணை முடியற வரைக்கும் பேரை வெளிய சொல்லக் கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்காங்க. தெக்க இருக்குதுன்னு வெச்சுக்குங்க. அதைப் பாத்துக்கற ஆளா என்னை அங்கயே போட்டாங்க. நாலு வருஷம் ஆச்சு.

விசைப்படகு கடலுக்குப் போறதுக்கு முந்தி டோக்கன் போடோணும். அதுதான் அங்க சட்டம். முந்தியெல்லாம் ஜன்னல்ல நின்னு கையெழுத்துப் போட்டுச் சீட்டு வாங்குவாங்களாம். நாங்க வந்து அதை நிறுத்திட்டோம். படகு கட்டற ஜெட்டி மேடையில ஒரு மெஷின், படகுக்கு ஒரு கார்டு. கார்டைக் காட்டினா டோக்கன் விழுந்துரும், படகுக்காரர் போனுக்குச் செய்தி போயிரும். படகு பேரு, ஆள் எத்தனை, எந்தப் பக்கம் போறாங்க, எல்லாம் நம்ம டேட்டாபேஸ்ல வந்து உக்காந்துக்கும். திரையில அந்தப் படகுக்கு நேரா 'கடலில் உள்ளது'ன்னு சிவப்புல வரும். திரும்பி வந்து மறுபடி கார்டைக் காட்டினா 'கரை திரும்பியது'ன்னு பச்சையாயிரும். சுத்தமான வேலைங்க. ஒரு காகிதம் கெடையாது.

போன ஐப்பசி கடைசியில ஒரு புயல் வந்துதே, நெனப்பிருக்கா? வடக்க போகுதுன்னாங்க, சனிக்கிழமை மத்தியானம் பாத்தா தெக்க திரும்பிருச்சு. எங்க படகெல்லாம் ஒரு வாரம், பத்து நாளுன்னு தங்கி மீன் புடிக்கிற படகு. வயர்லெஸ் எட்டுன தூரத்துல இருந்தவங்க அன்னிக்கே அடிச்சுப் புடிச்சு வந்துட்டாங்க. ஆழத்துக்குப் போனவங்களுக்குச் சேதியே போகல. ஞாயித்துக்கிழமை விடியறப்ப மழைன்னா மழை. கரண்டு வந்து வந்து போச்சு. ஜெனரேட்டருக்கு மாத்தறப்ப ஒரு அடி அடிச்சுது பாருங்க, சர்வர் அப்படியே படுத்துருச்சு. திரும்பப் போட்டா டேட்டாபேஸ் திறக்கவே மாட்டேங்குது.

அங்க பெரியவர் மீன்வளத்துறை உதவி இயக்குநர். ஏ.டி., ஏ.டி.ன்னுதான் எல்லாரும் சொல்வாங்க. நல்ல மனுஷன், அன்னிக்கு மட்டும் அவரு முகத்துல ரத்தமே இல்ல. "மத்தியானம் தேடப் போற விமானம் கெளம்புது சார். எந்தப் படகு வெளிய இருக்கு, எந்தப் பக்கம் போச்சுன்னு லிஸ்ட் கேக்காங்க. லிஸ்ட் உங்க பெட்டிக்குள்ள இருக்கு" அப்படின்னாரு. வாசல்ல பொம்பளைங்க எல்லாம் வந்து நிக்கறாங்க. சத்தம். நான் கதவைச் சாத்திட்டேன். அந்தச் சத்தத்துல வேலை ஓடுமா, நீங்களே சொல்லுங்க.

உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். பேக்கப்புங்கறது ஒரு நாள் எடுத்த போட்டோ மாதிரி. லாக்குங்கறது அந்தப் போட்டோவுக்கப்புறம் என்னென்ன நடந்துதுன்னு வரிசையா வர்றது. போட்டோவை மாட்டி, அது மேல லாக்கை ஒண்ணொண்ணா ஏத்தினா, விழுந்த நிமிஷம் வரைக்கும் எல்லாத்தையும் கொண்டாந்தர்லாம். ரெண்டும் சரியா இருந்தா.

பேக்கப் தெனமும் ஓடிக்கிட்டுத்தான் இருந்துது. அதுல ஒரு குத்தம் சொல்ல முடியாது. தெனம் காத்தால வந்து பாப்பேன், பச்சை டிக் இருக்கும். அன்னிக்கு எடுத்துத் திறந்தா பாதிதான் இருக்குது. டிஸ்க் நெறஞ்சுபோயி, எழுத எடமில்லாம பாதியில நிறுத்திட்டு, அதுக்கும் ஒரு பச்சை டிக் போட்டு வெச்சிருக்குது அந்த சாஃப்ட்வேர். முந்தின நாளுது பாதி. அதுக்கு முந்தினதும் பாதி. டிஸ்க் நெறையுதுன்னு மெயில் வந்திருந்துதாம், விசாரணையில எடுத்துக் காட்டறாங்க. வருமுங்க. அந்த மாதிரி மெயில் ஒரு நாளைக்கு அறுபது வரும். எல்லாத்தையும் தனியா ஒரு ஃபோல்டருக்குத் தள்ளி விட்டிருந்தேன். பின்ன அதைப் படிச்சுக்கிட்டிருந்தா வேலை செய்யறது எப்போ? பேக்கப்பை மாசத்துக்கு ஒருக்காத் திறந்து பாத்திருக்கோணும்கறாங்க. அதுக்கு இன்னொரு சர்வர் வேணும்னு நான் ஒருக்கா கேட்டேன். கொடுக்கல. விட்டுட்டேன்.

கடைசியில பன்னெண்டு நாளைக்கு முந்தினது ஒண்ணு முழுசாக் கெடச்சுது. சாமி கும்பிட்டுத்தான் போட்டேன். அது மேல லாக்கை ஏத்திக்கிட்டே வர்றேன். முந்தின வாரம் பூரா ஏறுச்சு, இந்த வாரம் திங்கள் ஏறுச்சு, செவ்வாய் ஏறுச்சு, புதன் ஏறுச்சு. வியாழக்கிழமை காத்தால நாலுல இருந்து ஏழு மணி வரைக்கும் உள்ள லாக் ஒண்ணு கெட்டுப் போயிருந்தது. டிஸ்க்லயே அந்த எடம் போச்சு. படிக்கவே வரல.

இப்ப என்ன பண்றது? முறைப்படி பாத்தா அங்கயே நிறுத்தோணும். நிறுத்தினா புதன்கிழமை நெலவரம்தான் இருக்கும். ஞாயித்துக்கிழமைப் புயலுக்கு அது எதுக்காகும்? அதனால அந்தக் கெட்டதை மட்டும் விட்டுட்டு, வியாழன் ஏழு மணியிலிருந்து மீதியை ஏத்தினேன். அப்படி ஏத்தறதுக்குத் தனியா ஒரு வித்தை இருக்குது, எல்லாருக்கும் வராது. ஏத்தறப்பச் சிகப்புச் சிகப்பாப் பிழை வந்துது. என்னன்னு பாத்தா, சில படகு 'கரை திரும்பியது'ன்னு இருக்குது, ஆனா அதுக்கு முந்தி போனதாவே இல்ல. அந்த மூணு மணி நேரத்துல போனவங்க. போனது தொலஞ்சுபோச்சு, வந்தது மட்டும் இருக்குது. பிழையை ஒதுக்கிவிட்டு ஏத்துன்னு கட்டளை கொடுத்தேன். ஏறிருச்சு.

திரை வந்துதுங்க. சிவப்பும் பச்சையுமா எல்லாப் படகும் வந்துது. நான் அழுதுட்டேன். பொய் சொல்லல.

என் கூட ரெஜினான்னு ஒரு பொண்ணு ஆபரேட்டரா இருந்துது. உள்ளூர்ப் பொண்ணு, படகைப் போட்டுன்னுதான் சொல்லும். அது திரையையே பாத்துக்கிட்டிருந்துட்டுச் சொல்லுது, "சார், வியாழக்கெழம காலையில ஒரு டோக்கனும் இல்லியே. அன்னைக்கு நெறைய போட்டு போச்சே."

"அதெல்லாம் வந்துருச்சும்மா. பிழை காட்டுச்சுல்ல, அது பூராவும் திரும்பி வந்த படகுதான்."

"எல்லாம் வந்துட்டான்னு எப்படி சார் தெரியும்?"

"வராம இருந்தா..." அப்படின்னு ஆரம்பிச்சேன். எனக்கே அப்பத்தான் ஓடுச்சு. திரும்பி வந்த படகுதான் பிழை காட்டும். போயி, இன்னும் வராத படகு ஒரு பிழையும் காட்டாது. அது பழைய நெலவரத்துலயே பச்சையா நிக்கும், போன தடவை திரும்புன தேதியோட. சரி, அப்படி ஒண்ணு ரெண்டு இருக்கலாம். இருக்கும்னு கட்டாயமா என்ன?

ரெஜினா சொல்லுச்சு, லிஸ்ட் கீழ ஒரு குறிப்பு எழுதலாம், வியாழன் நாலுல இருந்து ஏழு வரைக்கும் விவரம் இல்லைன்னு. நான் வேண்டான்னேன். அதைத்தான் இப்ப பெரிய தப்புங்கறாங்க. நான் ஏன் வேண்டான்னேன்? நீங்க அந்த ஏ.டி. எடத்துல இருந்து யோசிச்சுப் பாருங்க. மழையில, சத்தத்துல, விமானம் கெளம்பற நேரத்துல, கையில ஒரு லிஸ்ட். அதுக்குக் கீழ 'இது முழுசு இல்ல'ன்னு ஒரு வரி. அப்புறம் லிஸ்ட்டையே யாரும் நம்ப மாட்டாங்க. ஒவ்வொருத்தரும் வந்து என் படகைச் சேரு, என் படகைச் சேருன்னு நிப்பாங்க. அதுல முப்பத்திநாலு படகு இருந்துது. முப்பத்திநாலும் சரியான விவரம். அதைக் கெடுக்கறதா?

மூணு மணிக்கு லிஸ்ட் போச்சு. ஏ.டி. சார் தன் கையால எனக்கு டீ எடுத்துட்டு வந்து கொடுத்தாரு. "பல குடும்பத்தக் காப்பாத்திட்டிய" அப்படின்னாரு. உண்மைதானுங்க. அந்த முப்பத்திநாலையும் புதன்கிழமைக்குள்ள கண்டுபுடிச்சுட்டாங்க, ஒரு ஆள் சேதம் இல்ல. அதைப் பேச ஆளில்ல.

அன்னிக்குச் சாயங்காலம் பொழுதோட ஒரு அம்மா வந்துது. விண்ணரசின்னு பேரு. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். வீட்டுக்காரர் கஸ்பார், சொந்தப் படகு, அவரே ஓட்டறது. படகு பேரு விடிவெள்ளி. கூட அஞ்சு பேரு. லிஸ்டை வெளிய ஒட்டியிருந்தாங்க, அதுல பேரில்லன்னு உள்ள வந்துருச்சு. ஏ.டி. சார் வயர்லெஸ்ல இருந்தாரு. வாசல்ல நின்ன ஆபீஸ் ஆளு என்கிட்ட அனுப்பிவிட்டுட்டான்.

தட்டிப் பாத்தேன். விடிவெள்ளி, பச்சை, கரை திரும்பியது.

"உங்க படகு வந்துருச்சும்மா" அப்படின்னேன்.

"வரல சார். வியாழக்கெழம விடியக்காலம் போனாவ. நான் சோறு கட்டிக் குடுத்துவிட்டேன்."

"இதுல திரும்பியாச்சுன்னு இருக்குதே."

"எந்தக் கரைக்கு வந்துருக்காவ? நம்ம தொறையில இல்ல. நான் எல்லா போட்டையும் பாத்துட்டுத்தான் வாரேன்."

எனக்கு என்ன தெரியும்? புயல்னா பக்கத்துத் துறைமுகத்துல ஒதுங்கறது உண்டுன்னு கேள்விப்பட்டிருக்கேன். "பக்கத்துல எங்காவது ஒதுங்கியிருப்பாரும்மா. போன் நனைஞ்சிருக்கும். அங்க போயி விசாரிச்சுப் பாருங்க" அப்படின்னேன். நல்ல விதமாத்தான் சொன்னேன். உக்காரச் சொல்லி, தண்ணி கொடுத்துச் சொன்னேன்.

இப்ப விசாரணையில கேக்கறாங்க, தேதியைப் பாக்கலியான்னு. அந்தப் பச்சைக்குப் பக்கத்துல தேதி இருக்குது, சின்ன எழுத்துல. அந்த வியாழனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமைத் தேதி. பாத்தேன்னு சொன்னா ஏன் சொல்லலம்பாங்க, பாக்கலன்னு சொன்னா ஏன் பாக்கலம்பாங்க. காத்தால இருந்து ஒரு வாய் சோறு திங்காத மனுஷன் நானு. இன்னொண்ணும் கேக்கறாங்க, ஜன்னலைத் திறந்தா ஜெட்டி தெரியுமே, எட்டிப் பாத்திருக்கலாமேன்னு. நான் கம்ப்யூட்டர் பாக்க வந்த ஆளுங்க. எந்தப் படகு நிக்குது, எந்தப் படகு நிக்கலைன்னு மழையில நின்னு பாக்கறது என் வேலையா?

அந்த அம்மா திங்கக்கிழமை விடியறப்பத் தம்பியைக் கூட்டிக்கிட்டுக் கெளம்பிருச்சாம். பஸ்ஸே சரியா ஓடல. ஒரு துறைமுகத்துல இல்லைன்னா அடுத்தது, அங்கயும் இல்லைன்னா அதுக்கடுத்தது. ரோட்டுல மரம் விழுந்து கெடந்த எடத்துல எறங்கி நடந்திருக்காங்க. செவ்வாய்க்கிழமை மத்தியானம் திரும்பி வந்து ஏ.டி. ரூம்ல தரையில உக்காந்துருச்சு. எந்தக் கரையிலயும் இல்ல சார், எந்தக் கரையிலயும் இல்ல. இதையே சொல்லிக்கிட்டிருந்துது. ஏ.டி. என்னைக் கூப்புட்டாரு. அப்பத்தான் அந்த மூணு மணி நேரத்தைப் பத்திச் சொன்னேன். அவரு என்னையே பாத்துக்கிட்டு போனை எடுத்தாரு.

புதன்கிழமை சாயங்காலம் ஒரு சரக்குக் கப்பல்காரன் கவுந்து கெடந்த படகைப் பாத்திருக்கான். அது மேல ஒருத்தர் மட்டும் உயிரோட இருந்தாரு, மிக்கேல்னு பேரு. மூணு பேரு உடம்பு அடுத்த வாரத்துல ஒதுங்குச்சு. ஒருத்தரும் கஸ்பாரும் கெடைக்கவே இல்ல.

பாவந்தானுங்க. நான் இல்லைன்னு சொல்லல. ஆனா புயல் நான் கொண்டு வந்ததா? அந்த டிஸ்க் நான் செஞ்சதா?

அப்புறந்தான் என் கஷ்டம் ஆரம்பிச்சுது. உடம்பு கெடைக்காதவங்களுக்கு, அவங்க கடலுக்குப் போனாங்கன்னு ஆபீஸ் சான்று கொடுத்தாத்தான் இறப்புச் சான்று, நிவாரணம்னு மேல எல்லாம் நடக்கும். நம்ம டேட்டாபேஸ்ல படகு போகவே இல்ல, கரையில நிக்குது. ஏ.டி. சார் என்னைத் தனியாக் கூப்புட்டு, "வியாழக்கிழமை நாலரைன்னு ஒரு டோக்கன் உள்ள போட்ருங்க. விவரம் தொலஞ்சதுன்னே இருக்கக் கூடாது. அந்தப் பொம்பளைக்கும் ஆச்சு, நமக்கும் ஆச்சு" அப்படின்னாரு.

முடியாதுன்னுட்டேன். லாக்ல இல்லாத ஒண்ணை நான் கையால எழுதினா அது டேட்டா இல்ல, ஜோடனை. இன்னிக்கு ஒரு படகை எழுதுவேன், நாளைக்கு இன்னொருத்தன் வருவான். இந்த வேலைக்குன்னு ஒரு தர்மம் இருக்குதுங்க. கம்பெனியில இருந்து போன் பண்ணாங்க, செய்யின்னாங்க. மாட்டேன்னேன். வேலையை விட்டு நிறுத்தி வெச்சிருக்காங்க. அந்த ரெஜினா வேற, குறிப்பு போட வேண்டாம்னு நான் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்துருச்சு. நாலு வருஷம் கூட வேலை செஞ்ச பொண்ணு. எங்க வீட்டுப் பலகாரமெல்லாம் சாப்பிட்டிருக்குது.

நிறுத்தறதுக்கு முந்தின நாள் விண்ணரசி வந்துது, நேரா என் மேசைக்கு. சத்தம் போடல. போட்டிருந்தாக்கூடத் தேவலாம்.

"நீங்க எழுதுனாத்தான் அவுக போனதா ஆவும்னு சொல்லுதாவ. எழுதுங்க சார்."

"இல்லாததை எழுத முடியாதும்மா."

"எங்க அவுக பேரு? காட்டுங்க."

திருப்பிக் காட்டினேன். கஸ்பார்ங்கற பேர் மேல விரலை வெச்சுக்கிட்டு நின்னுது. ரொம்ப நேரம் நின்னுது. அது போனப்புறம் திரையில ஈரக் கை படிஞ்சு கெடந்துது, துடைச்சு விட்டேன்.

அன்னிக்கே எனக்கு ஒண்ணு தோணுச்சு. அந்தப் படகு டோக்கன் போட்டதே கெட்டுப்போன அந்த மூணு மணி நேரத்துக்குள்ளதான்னு யாராவது சாட்சி சொல்லிட்டா, நான் ஏத்தினது சரின்னு ஆயிரும். தப்பு டிஸ்க்குதுன்னு ஆயிரும். இருக்கறது ஒரே சாட்சி. ஆரஞ்சு வாங்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மிக்கேல் அம்பது வயசு ஆளு. தோலு பூரா உரிஞ்சு, ஒதடு வெடிச்சு, கட்டில்ல உக்காந்திருந்தாரு. நான் ஆபீஸ்ல இருந்து வர்றேன்னு மட்டும் சொன்னேன். வேற சொல்லல. எத்தனை மணிக்கு டோக்கன் போட்டீங்கன்னு கேட்டேன்.

"நாலரை இருக்கும் சார். கோயில் மணி அடிக்கல அப்ப" அப்படின்னாரு. நான் உடனே எழுதிக்கிட்டேன். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். எந்திரிச்சிருக்கலாம். அவரு கையைப் புடிச்சுக்கிட்டாரு.

சனிக்கிழமை ராத்திரியே கவுந்துருச்சாம். ஆறு பேரும் அடிப்பலகை மேல ஏறிக் கயித்தைப் புடிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வடக்குப் பக்கம் விமானச் சத்தம் கேட்டுச்சாம், கண்ணுக்குத் தெரியல. திங்கக்கிழமை தூரத்துல ஒரு கப்பல் போயிருக்குது. கேனைக் கட்டிக்கிட்டு நீந்திப் பாக்கலாம்னு ரெண்டு பேரு கெளம்பியிருக்காங்க. கஸ்பார் விடலையாம்.

"'டோக்கன் போட்டுட்டுத்தான வந்தோம். நம்ம பேரு அங்க இருக்குல்லா. தேடி வருவாவ. போட்ட விட்டு ஒருத்தரும் போவாதிய'ன்னான் சார். அந்தச் சொல்லத்தான் புடிச்சிக்கிட்டு இருந்தோம். ஒவ்வொருத்தனாக் கை விட்டப்பவும் அதையேதான் சொன்னான். செவ்வாய்க்கெழம மத்தியானம் வரைக்கும் சொல்லிட்டு இருந்தான். அப்புறம் நான் திரும்பிப் பாத்தேன், பக்கத்துல இல்ல."

பேனாவை மூடிக்கிட்டேன்.

அவரு என் மூஞ்சியையே பாத்தாரு. கண்ணு பூரா செவந்து கெடந்துது. கேட்டாரு, "எங்க பேரு இருந்துச்சுல்லா சார்?"

இருந்துச்சுன்னேன்.

பொய்யில்லீங்க. வியாழக்கிழமை விடியக்காலம் கார்டைக் காட்டினப்ப அந்தப் பேரு உள்ள விழுந்துதானே இருக்கும்.